பூக்காத பாவட்டையும் அமல்ராஜும்

பாவட்டைச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள என் வீட்டுக்கு வருகிறவர்கள், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அமல்ராஜைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். "அமல்ராஜ் சார் பூ இல்லாமலே பாவட்டையைக் கண்டுபிடிச்சிருவாராமே?" ஏன், நானும்தான் கண்டுபிடிப்பேன். அதை யாரும் கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். செடியைப் படம் எடுத்தால் போனே பேரைச் சொல்லிவிடுமாம். மார்கழிக் குளிரில் ஒரு புதரைப் படம் எடுத்திருக்கிறார்கள். போன் அதைக் காபிச் செடி என்று அடித்துச் சொல்லியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க காலத்துல எப்படிங்க சார் பண்ணுனீங்க? எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் பொறாமை இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வராது. பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் மலையடிவாரத்துக் குப்பனூர்க்காரன். எழுபதுகளின் நடுவில், சேர்வராயன் மலையின் செடிகொடிகளைக் கணக்கெடுக்கும் ஓர் அலுவலகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். காட்டுக்குள் போய்ச் செடியின் கிளையை வெட்டி வந்து, செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, பலகைக்கிடையில் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். தினமும் தாளை மாற்ற வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் தாள் காயாது. ஸ்டவ்வுக்கு மேலே காட்டிக் காயவைப்போம். காய்ந்த செடியை அட்டையில் தைத்து அலமாரியில் அடுக்கும்வரை எங்கள் பொறுப்பு. பயிற்சி என்று பார்த்தால் இவ்வளவுதான். முதல் வருஷம் முழுக்க என் சட்டையில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அமல்ராஜும் அப்போதுதான் சேர்ந்தான். ஏற்காட்டிலேயே ஓர் எஸ்டேட்டில், கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என்னைவிடச் சின்னவன். அதனால் வாய்க்கு வாய் அண்ணா. 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டான். செடிக்கட்டைத் தூக்கினால் பாதியில் வந்து வாங்கிக்கொள்வான். கொண்டுவந்த சோற்றில் முட்டையை எனக்கு வைப்பான். இப்படிப்பட்ட ஒருவன்மேல் வயிறு எரிவது எவ்வளவு சிரமம் தெரியுமா? அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் இருவருக்கும் மேலே கமலவேணி மேடம். தஞ்சாவூர்ப் பக்கம். பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு எங்களுக்கு முன்னால் மேடு ஏறுவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். யாரையும் திட்டமாட்டார். தப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. நாம் ஒரு செடிக்குப் பேர் சொன்னால், இலையை உள்ளங்கையில் வைத்து ஊதித் தூசியைத் தள்ளி, லென்ஸில் பார்த்துவிட்டு, "பூ வரட்டும்" என்பார். அப்படிச் சொன்னால் நம் பேச்சை நம்பவில்லை என்று அர்த்தம். பூவையும் காயையும் ஒரே செடியில் பார்க்காமல் அட்டையில் பேர் எழுத விடமாட்டார். அதனால் ஒரு செடியை அடையாளம் வைத்துவிட்டு, வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்ப அதே செடிக்குப் போவோம்.

எல்லாம் சரி. ஆனால் புதிதாக ஒரு செடி கண்ணில் பட்டால் மேடம் திரும்புவது அமல்ராஜ் பக்கம்தான்.

"அமல், இது என்னப்பா?"

நானும் அங்கேதான் நிற்பேன். கனமான பலகைக்கட்டு என் தோளில்தான் இருக்கும். என்னை ஒருநாள், ஒரே ஒருநாள் முதலில் கேட்டால் என்ன? வீட்டுக்கு வந்து புலம்பினால் என் மனைவி ராசாத்தி முறத்தைத் தட்டிக்கொண்டே சொல்வாள்: "அந்த அம்மா யாரைக் கேட்டா என்னங்க? உங்களுக்கு அந்த ஆளு மேல நொம்பப் பொறாமைங்க." இல்லவே இல்லை என்று சாதிப்பேன். அவள் சிரிப்பாள்.

இப்போது பாவட்டைக்கு வருகிறேன். ஆள் உயரப் புதர். சித்திரை, வைகாசியில் கோடைமழை இரண்டு இறங்கியதும் கிளை நுனியில் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ விடும். ஒவ்வொரு பூவுக்கும் நான்கு இதழ். நடுவிலிருந்து குண்டூசி மாதிரி ஒரு தண்டு, இதழைத் தாண்டி வெகுநீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசியைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். ஆடி, ஆவணியில் மிளகு அளவுக்குப் பச்சைக் காய். ஐப்பசி அடைமழை முடிவதற்குள் காய் கறுத்து, குருவிகள் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் மார்கழி, தையில்தான் வம்பு. வெறும் இலை.

வெறும் இலையாக நிற்கும்போது அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இரண்டு பேர் உண்டு. ஒன்று காபி. பாவட்டையும் காபியும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் இலை எதிரெதிர் ஜோடி. ஜோடிக்கு நடுவே தண்டில் முக்கோணமாக ஒரு சின்னச் செதில். இன்னொன்று தரணி என்கிற புதர். இதற்கும் அதே ஜோடி இலை, அதே செதில். பூத்தால் தரணிக்கு ஐந்து இதழ். காயை நசுக்கினால் உள்ளே நிறைய விதை. பாவட்டைக்கு இரண்டே விதை. பூவும் காயும் இல்லாத காலத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. பாவட்டை இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால், இலைச் சதைக்குள் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் தெரியும். ரவையில் கடுகு சிந்தினாற்போல் இருக்கும். தரணி இலையில் அது கிடையாது. காபியிலும் கிடையாது.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அந்தப் புள்ளியில்தான் என் மூக்கு உடைந்தது.

ஒரு வருஷம் மார்கழி முடியும் நேரம், மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை நிரந்தரம் பண்ணலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஒருத்தரைத்தான். மே மாசம் நான் பேர் அனுப்பணும். தனியா காட்டுக்கு அனுப்பினா யார் சொல்றதை நான் நம்பலாமோ, அவங்க பேரைத்தான் அனுப்புவேன்" என்றார். ராசாத்தி அப்போது முழுகாமல் இருந்தாள். தினக்கூலியில் மழைநாள் என்றால் வேலை கிடையாது, ஏற்காட்டில் மழைநாளுக்குப் பஞ்சமும் கிடையாது. அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த வாரம் கிளியூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் கணக்கெடுப்பு. காபி வரிசை முடியும் ஓரத்தில் ஏழெட்டுப் புதர்கள் ஒன்றாக நின்றன. வெறும் இலை. எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. இலையைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் வெயிலே இல்லை, பால் கொட்டினாற்போல வெள்ளை.

"அமல், இது என்னப்பா?"

அமல்ராஜ் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "பாவட்டைங்க மேடம்" என்றான்.

அன்று என்னவோ மேடம் என் பக்கமும் திரும்பினார். "நீ என்ன சொல்றே பொன்னுசாமி?"

நான் அவசரப்படவில்லை. இலையைப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி இருக்கத்தான் செய்தது. விரலில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். கறுப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. காபியில் செதில்பூச்சி விழுந்தால் இலைமேல் கரி பூசினாற்போல ஒரு பூசணம் படரும். பக்கத்தில் நிற்கிற செடிகளையும் விடாது. பக்கத்துக் காபி வரிசை முழுக்க அந்தக் கரிதான். எனக்கு உள்ளுக்குள் பூரித்துப் போயிற்று. அடே அமலு, மாட்டிக்கொண்டாயா!

"பாவட்டை இல்லீங்க மேடம், தரணி. இந்தப் புள்ளி இலைக்குள்ள இல்லீங்க. மேல படிஞ்ச கரிப்பூசணம், பாருங்க" என்று விரலை நீட்டிக் காட்டினேன்.

அமல்ராஜ் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா சொல்ற பூசணமும் இருக்குதுங்க. தொடைச்சதுக்கு அப்புறமும் உள்ள ஏதோ இருக்கற மாதிரி தெரியுதுங்க."

"மாதிரின்னா என்னப்பா அமலு? இருக்குதா இல்லையா?" என்றேன்.

மேடம் லென்ஸை எடுத்தார். மூடுபனி லென்ஸிலும் படிந்தது. முந்தானையால் துடைத்து மறுபடி பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "பூ வரட்டும்" என்றார். சித்திரையில் பூ வரும். மே மாதம் பேர் போகவேண்டும். கணக்கு எங்கள் மூவருக்கும் புரிந்தது.

வழக்கமாகத் தகரத் துண்டில் எண் அடித்துக் கட்டுவோம். அன்று தகரம் தீர்ந்துவிட்டது. அமல்ராஜ் தன் பழைய வேட்டியின் ஓரத்தை நீளநீளமாகக் கிழித்து, புதருக்கு ஒன்றாக எல்லாவற்றிலும் கட்டினான். வெள்ளைத் துணி தூரத்திலிருந்தே தெரியுமாம். மேடம் வேறு அதற்கு "நல்ல யோசனை" என்று பாராட்டினார். எனக்கு அந்தத் துணியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சித்திரைவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், ஐந்து இதழ் வரவேண்டும் என்று. அமல்ராஜ் வேண்டிக்கொண்டானோ என்னவோ, அவன் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. ராசாத்திக்கு எட்டாம் மாதம் என்று கேள்விப்பட்டு, அவன் அம்மா கையால் செய்த எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதை விரலால் வழித்து வழித்துத் தின்றாள். நான் தொடவில்லை.

கோடைமழை பெய்து ஒரு வாரம் கழித்து மூவரும் போனோம். நல்ல வெயில். தூரத்தில் வெள்ளைத் துணி எதுவும் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் புதர்களே இல்லை. ஏழெட்டும் முழங்கால் உயரத்துக்குச் சீராக வெட்டப்பட்டு வெறும் கட்டைகளாக நின்றன.

அமல்ராஜ் முகம் செத்துப்போயிற்று. மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைத்தான் பார்த்தார். செய்யாத தப்புக்கு அப்படி ஒரு பார்வை வாங்கியதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நல்லவேளையாக எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அந்தப் பக்கம் வந்தார்.

"இதையெல்லாம் யாருங்க வெட்டினது?" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"நம்ம கவாத்து ஆளுங்கதானுங்க. ஏனுங்க, வெள்ளைத் துணி கட்டியிருந்துச்சே, வெட்டாம என்ன பண்றதுங்க?" என்றார் ரைட்டர்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழம் பறித்து முடிந்ததும் காபிக்குக் கவாத்து வெட்டுவார்கள். கிழடாகிப்போன செடியை முழங்காலுக்கு வெட்டிவிட்டால் புதுத் தளிர் வரும். எதை அப்படி வெட்ட வேண்டும் என்பதற்கு அந்த எஸ்டேட்டில் வெள்ளைத் துணிதான் அடையாளம். ஓரத்தில் நின்றது காபியோ பாவட்டையோ, கூலியாள் ஏன் பார்க்கப்போகிறார்? துணி கட்டியிருந்தது, வெட்டினார். அமல்ராஜ் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் இதற்குச் சுண்ணாம்புதான் பூசுவார்களாம். அதனால் எஸ்டேட்டிலேயே பிறந்தவனுக்கும் இது தெரியவில்லை.

பாவட்டையும் சரி, தரணியும் சரி, கிளை நுனியில்தான் பூக்கும். நுனியை வெட்டிவிட்டால் அந்த வருஷம் பூ கிடையாது. அமல்ராஜ் தன் கையாலேயே கட்டிய துணியால் பூ போயிற்று. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டவேண்டியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பணியாரம் சுடச்சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மேடம் மட்டும் அந்தக் கட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெட்டிய இடத்துக்குக் கீழே தளிர் விட்டிருந்தது. வெட்டுப்பட்ட செடியின் தளிருக்கே உள்ள வேகத்தில், இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், மெல்லிசு, பளபளப்பு. பூசணம் பிடிக்க இன்னும் நாள் ஆகவில்லை. ஓர் இலையைக் கிள்ளினார். அதை லென்ஸில் பார்ப்பார், அல்லது அமல்ராஜிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

"பொன்னுசாமி, இது என்னப்பா?"

வருஷக்கணக்காக நான் ஏங்கிய அந்தக் கேள்வி! வெயிலுக்கு எதிரே இலையைத் தூக்கிப் பிடித்தேன். இலைக்குள் கறுப்புப் புள்ளி, அங்கொன்று இங்கொன்றாக, நரம்புக்கு நரம்பு நடுவில். விரலால் அழுத்தித் துடைத்தேன். விரலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி துடைத்தேன்.

"பாவட்டைதானுங்க மேடம்" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அமல்ராஜ் என் தோளிலிருந்து பலகைக்கட்டை வாங்கிக்கொண்டான். "வெட்டுனதும் ஒரு வகையில நல்லதாப் போச்சுங்க அண்ணா. இல்லைன்னா அந்தக் கரியில யாருக்குமே தெரிஞ்சிருக்காதுங்க. நீங்க சொன்ன பூசணமும் நெசந்தானுங்க" என்றான். ஆறுதல் சொல்கிறானாம்! அவன் அப்போது என்னைக் கேலி செய்திருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

மே மாதம் அவன் பேர் போயிற்று. எனக்குப் பையன் பிறந்த அதே மாதம். நான் மழைநாளில் வேலை இல்லாமல், வீடு வீடாகப் போய்ப் பலா, ஆரஞ்சு ஏலம் பேசுகிறவர்களுக்குக் கணக்கு எழுதி ஒப்பேற்றினேன். சில வருஷம் கழித்துத்தான் எனக்கும் நிரந்தரமாயிற்று. அதற்குள் சம்பளத்திலும் பதவியிலும் அமல்ராஜ் எட்டமுடியாத தூரம் போய்விட்டான். கடைசிவரை அந்த இடைவெளி குறையவில்லை.

அதற்கப்புறம் நான் பாவட்டையை விடவில்லை. அலுவலகம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், மாரமங்கலம் போகும் வழியில் ஒரு புதரை எனக்கென்று வைத்துக்கொண்டேன். துணியெல்லாம் கட்டவில்லை, பக்கத்துப் பாறைதான் அடையாளம். மாதாமாதம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மாசியில் பழைய இலை எப்படித் தடித்துப்போகிறது, தளிரில் புள்ளி எப்போது தெரிய ஆரம்பிக்கிறது, பழம் உதிர்ந்த பிறகும் காய்ந்த காம்புக்கொத்து எத்தனை நாள் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூடுபனியில் தீப்பெட்டிக் குச்சியைக் கொளுத்தி இலைக்குப் பின்னால் பிடித்தால் தெரியுமா, எல்லாம் பார்த்தேன். தெரியும், ஆனால் இலை கருகும். பேட்டரி லைட் நல்லது. செடிமேல் இருந்த ஆசையில் செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அமல்ராஜ்மேல் இருந்த எரிச்சலில்தான் செய்தேன்.

தொண்ணூறுகளில் அமல்ராஜ் அதிகாரியாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனான். ஏற்காட்டில் களப்பணிக்கு நான்தான் மூத்தவன். யார் எந்தச் செடியைக் கொண்டுவந்தாலும் என்னைத்தான் கேட்டாக வேண்டும். கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவர் கேட்டால் அல்லவா!

அவரும் ஒருநாள் வந்தார். ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து, ஒரு மார்கழியில், கண் ஆபரேஷன் முடிந்த கறுப்புக் கண்ணாடியோடு கமலவேணி மேடம் மலைக்கு வந்தார். மாரமங்கலம் ரோட்டில் கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓரத்துப் புதர் ஒன்றைத் தடவிப் பார்த்து நின்றார்.

"பொன்னுசாமி, இது என்னப்பா?"

அமல்ராஜ் பக்கத்தில் இல்லை. நான் மட்டும்தான். இலையை வெயிலில் பிடித்தேன். செதிலைத் தொட்டுப் பார்த்தேன். நுனியில் காய்ந்த காம்புக்கொத்தை உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "பாவட்டைங்க மேடம். பூ, காய் ஒண்ணுமில்ல, ஆனாப் பாவட்டைதானுங்க. சந்தேகமே இல்லீங்க" என்றேன். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். "ரொம்ப நல்லா சொன்னே. கிறிஸ்துமஸுக்கு அமல் ஊருக்கு வருவான் இல்ல? எதுக்கும் அவன்கிட்ட ஒரு தடவை காட்டிடு" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் மேடம் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அமல்ராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. "அண்ணா, வாங்க, வாங்க!" என்று ஓடிவந்தான். அவன் மனைவி தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். நான் பையிலிருந்து கிளையை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"மேடம் உன்கிட்ட காட்டச் சொன்னாங்க. பார்த்துச் சொல்லு."

"நீங்க என்னன்னு சொன்னீங்க அண்ணா?"

"பாவட்டைன்னு சொன்னேன்."

"அப்பறம் என்னங்க? பாவட்டைதானுங்க." அவன் கிளையைத் தொடக்கூட இல்லை.

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாருப்பா. மேடம் பார்க்கச் சொல்லியிருக்காங்க" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அமல்ராஜ் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளினான். "நீங்க பார்த்துட்டீங்கல்லங்க அண்ணா. பாவட்டையில நீங்க பார்த்ததுக்கு அப்பறம் நான் பார்க்க என்னங்க இருக்குது? இந்த மலையில உங்களுக்கு மேல அந்தச் செடியைத் தெரிஞ்ச ஆளு கெடையாதுங்க. கோயம்புத்தூர்லயும் நான் எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கறனுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். பொய் இல்லை, முகஸ்துதி இல்லை. அவனுக்கு அதெல்லாம் வராது. பலகாரத்தை மென்றுகொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, எப்படியோ விடைபெற்று வெளியே வந்தேன்.

ரோட்டுக்கு வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'மேல தெரிஞ்ச ஆளு கெடையாது' என்று அவனைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. கிளியூர் எஸ்டேட்டில் அந்த இலையைக் கையில் பிடித்த அன்றிலிருந்து என் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்த வார்த்தை. அதையும் அவனே எனக்கு முன்னால் சொல்லிவிட்டான்.